இளம் ஓட்டுநருக்கு முதல் கார்: பாதுகாப்பை முன்வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை

வீட்டுப் பிள்ளை ஓட்டுநர் உரிமம் பெற்றவுடன், "எப்படியும் நாலு இடத்தில் உரசிக்கொண்டுதான் வருவான், ஏதாவது ஒரு பழைய வண்டி போதும்" என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிடுவது வழக்கம். செலவை மட்டும் எண்ணிப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால், அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, ஓட்டும் தொலைவோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டால், 16 முதல் 19 வயது வரையிலான ஓட்டுநர்கள் உயிர்ச்சேத விபத்தில் சிக்கும் விகிதம் 20 வயதைக் கடந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. விபத்துக்கு உள்ளாகும் வாய்ப்பு அதிகமுள்ள ஒருவரிடம், விபத்தைத் தாங்கும் வலிமை குறைந்த வண்டியை ஒப்படைப்பது பொருத்தமாகாது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு கார்கள் இருந்தால், பாதுகாப்பில் மேலானதைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பழையதை அனுபவமுள்ள பெற்றோர் ஓட்டுவதே முறை. பலருக்கு இது மனம் ஒப்பாத யோசனைதான், என்றாலும் புதிதாகச் செலவு ஏதும் இல்லாமல் உடனே செய்யக்கூடியது இதுவே.

புதிதாக ஒரு கார் வாங்கத்தான் வேண்டும் என்றால், கீழ்க்காணும் வரிசையிலேயே யோசிப்பது நல்லது. நிறம், மைலேஜ், இசை ஒலிக்கும் வசதி ஆகியவற்றில் தொடங்கிப் பாதுகாப்பைக் கடைசியில் சேர்த்துக்கொள்ள முயன்றால், பிடித்துப்போன வண்டிக்கு ஏற்றபடி நம் அளவுகோலைத்தான் தளர்த்திக்கொள்வோம்.

முதற்படி: எந்தத் தவறுக்கான காப்பு என்று தெளிதல்

புதிய ஓட்டுநர்களின் விபத்துகள் பெரும்பாலும் அடாவடியால் வருவதில்லை. வளைவின் கூர்மையைக் குறைத்து மதிப்பிட்டு வேகமாக உள்ளே நுழைவது, சக்கரம் சாலையோரத்து மண்ணில் இறங்கியவுடன் பதறி ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புவது, முன்னால் போகும் வண்டி நிற்பதைத் தாமதமாகக் கவனிப்பது, குறுக்கே வரும் வண்டியின் வேகத்தைத் தவறாகக் கணிப்பது ஆகியவையே அடிக்கடி நிகழ்கின்றன. இரவு நேரமும், உடன் ஏறிக்கொள்ளும் சம வயது நண்பர்களும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றனர். எனவே, தேர்ந்தெடுக்கும் கார் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும்: தவறு செய்யத் தூண்டாமல் இருக்க வேண்டும், தவறு நேர்ந்தால் வண்டியை மீட்டுக்கொடுக்க வேண்டும், மீட்க முடியாமற்போனால் உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டும்.

இரண்டாம் படி: இ.எஸ்.சி. இல்லாத வண்டியைப் பட்டியலிலிருந்து நீக்குதல்

மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, சுருக்கமாக இ.எஸ்.சி., என்ற ஒன்றை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுக்கொடுக்கலாகாது. நிறுவனத்துக்கு நிறுவனம் இதன் பெயர் மாறும், இ.எஸ்.பி., வி.எஸ்.சி., டி.எஸ்.சி. எனப் பல பெயர்களில் இது விற்பனைத் தாள்களில் இடம்பெறுகிறது. ஸ்டியரிங்கை ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார் என்பதையும், வண்டி உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் உணரிகள் வழியாக இது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் முரண்பட்டு வண்டி சறுக்கத் தொடங்கியதும், தேவைப்படும் சக்கரத்துக்கு மட்டும் தனியாகப் பிரேக் போட்டு, எஞ்சின் விசையையும் குறைத்து, வண்டியை ஓட்டுநர் நினைத்த பாதைக்குத் திருப்பப் பார்க்கிறது. மண்ணில் இறங்கிய சக்கரத்தைப் பதறித் திருப்பும் அந்த ஒரு கணத்துக்காகவே செய்துவைத்ததுபோன்ற ஏற்பாடு இது.

பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து உருவாக்கிய இந்த அமைப்பு 1995-இல் விலையுயர்ந்த கார்களில் அறிமுகமானது. 1997-இல் சுவீடனின் கார் இதழ் ஒன்று, திடீரென எதிர்ப்படும் காட்டுமானைத் தவிர்ப்பதுபோல் வண்டியை இடமும் வலமும் வெட்டித் திருப்பும் சோதனையை நடத்தியபோது மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்துவிட்டது. அதன் பிறகு அந்தச் சிறிய காரிலும் இ.எஸ்.பி.யை நிலையான அம்சமாகச் சேர்த்தார்கள். ஒற்றை வண்டி மட்டுமே சம்பந்தப்பட்ட உயிர்ச்சேத விபத்துகளை இந்த அமைப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்பது அமெரிக்க ஆய்வுகள் கண்ட முடிவு. அங்கே 2012 மாடல் ஆண்டு முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதலும் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயமாயிற்று. பிற சந்தைகளில் ஒரே மாடலின் விலை குறைந்த வகைகளில் இது இல்லாமலும், மேல்வகைகளில் மட்டும் இருக்கவும் கூடும். ஆகவே மாடலின் பெயரை நம்பாமல், வாங்கப்போகும் அந்த வண்டியிலேயே பார்க்க வேண்டும். சாவியைத் திருகியவுடன் மீட்டர் பலகையில், கீழே வளைந்து செல்லும் இரு கோடுகளுடன் ஒரு சிறு காரின் சின்னம் சில நொடிகள் எரிந்து அணைந்தால் இ.எஸ்.சி. இருக்கிறது என்று பொருள்.

ஏ.பி.எஸ். இருக்கிறது என்று விற்பவர் சொல்வதை இதற்கு ஈடாக ஏற்கக் கூடாது. ஏ.பி.எஸ். பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது, இ.எஸ்.சி. பிரேக்கைத் தொடாதபோதும் வேலை செய்கிறது.

மூன்றாம் படி: எடையும் விசையும்

சுவரில் மோதிச் சோதிக்கும்போது நன்றாகத் தாங்கும் சிறிய கார், தன்னைவிடக் கனமான காருடன் நேருக்கு நேர் மோதும்போது அதே பாதுகாப்பைத் தருவதில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம், அதாவது ஐ.ஐ.எச்.எஸ்., 2009-இல் இதைக் கண்முன் காட்டியது. ஸ்மார்ட் ஃபோர்ட்வோ, டொயோட்டா யாரிஸ், ஹோண்டா ஃபிட் ஆகிய மூன்று சிறிய கார்களை, அதே நிறுவனங்களின் நடுத்தரக் கார்களுடன் மோதவிட்டபோது, தடுப்புச் சுவரில் மோதும் சோதனையில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்த அந்தச் சிறிய கார்கள் மூன்றும் மோசமான முடிவையே பெற்றன. எடை குறைந்த வண்டி மோதலில் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அதனால் உள்ளிருப்பவர் உடல் தாங்க வேண்டிய வேகமாற்றம் மிகுதியாகிறது. கட்டமைப்பை எவ்வளவு வலுப்படுத்தினாலும் இந்த இயற்பியல் மாறாது.

அப்படியென்றால் கிடைக்கும் பெரிய வண்டியை வாங்கிவிடலாமா என்றால், அதுவும் சரியல்ல. மிகப் பெரிய எஸ்.யூ.வி.களும் பிக்கப் வண்டிகளும் நிற்பதற்குக் கூடுதல் தொலைவு எடுத்துக்கொள்ளும், திருப்பவும் நிறுத்தவும் புதியவருக்குச் சிரமம் தரும், எதிரில் வருபவருக்கும் அதிக ஆபத்தை உண்டாக்கும். இளையோருக்கு ஏற்ற வண்டிகளை ஐ.ஐ.எச்.எஸ். பரிந்துரைக்கும்போது, ஏறத்தாழ 1,250 கிலோவுக்குக் குறைந்த சிறு கார்களையும், மிகப் பெரிய வண்டிகளையும், விசை மிகுந்த கார்களையும் ஒதுக்கிவிடுகிறது. நடுத்தர செடான், அல்லது உயரம் அதிகமில்லாத சிறிய எஸ்.யூ.வி. என்ற எல்லைக்குள் நின்றால் பெரும்பாலும் தவறு நேராது. அந்த எடையில் கார்கள் அரிதாகவே கிடைக்கும் சந்தையில் வாங்குபவர், தம் வரவுசெலவுக்குள் கிடைப்பவற்றுள் சற்றுக் கனமானதும் மோதல் சோதனையில் முன்நிற்பதுமான வண்டியைப் பார்க்கலாம்.

எஞ்சினைப் பொறுத்தவரை, ஒரே மாடலில் இரண்டு எஞ்சின்கள் இருந்தால் விசை குறைந்ததையே எடுக்க வேண்டும். மோதலின்போது வெளிப்படும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறுகிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் காரை 100 கி.மீ.க்கு உயர்த்தினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, ஆற்றலோ 56 விழுக்காடு கூடிவிடுகிறது. "முந்திச் செல்லும்போது விசை இருந்தால்தான் பாதுகாப்பு" என்று விற்பனையாளர் வாதிடக்கூடும். முந்திச் செல்லவே தயங்கும் அளவுக்கு மெதுவான கார், முதல் ஓராண்டுக்கு உகந்த கார் என்பது என் கருத்து. மின்சாரக் கார்களில் இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. மிதியைத் தொட்டவுடன் முழு விசையும் கிடைத்துவிடுவதால், குடும்பக் கார்போல் தோன்றும் வண்டியும் சீறிப் பாயும். விசையைக் கட்டுப்படுத்தும் இகோ நிலை அதில் உண்டா, அதை நிரந்தரமாக வைக்க முடியுமா என்று கேட்டறிய வேண்டும்.

நான்காம் படி: நட்சத்திரங்களை ஆண்டோடு சேர்த்துப் படித்தல்

கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திர மதிப்பு வழங்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 1997 முதல் தன் முடிவுகளை வெளியிட்டுவருகிறது. குளோபல் என்கேப், லத்தீன் என்கேப், ஆசியான் என்கேப், ஆஸ்திரேலியாவின் ஆன்கேப், 2023-இல் தொடங்கிய பாரத் என்கேப், அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என வேறு அமைப்புகளும் உண்டு. முடிவுகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தம் நாட்டில் விற்கப்படும் வகையைச் சோதித்த அமைப்பின் முடிவையே பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளில் விற்கப்படும் கார்கள் உள்ளுக்குள் ஒன்றாக இருப்பதில்லை.

நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஏமாற்றத்தில் முடியும். ஃபியட் புன்டோ 2005-இல் யூரோ என்கேப்பிடம் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பெரிய மாற்றமின்றித் தொடர்ந்து விற்பனையில் இருந்த அதே கார் 2017-இல் மீண்டும் சோதிக்கப்பட்டபோது ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அளவுகோல் அவ்வளவு உயர்ந்துவிட்டது. ஆகவே ஒரு காரின் நட்சத்திரத்தைக் குறித்துக்கொள்ளும்போதே சோதித்த ஆண்டையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். சிறிய கார் பெற்ற ஐந்தும் பெரிய கார் பெற்ற ஐந்தும் சமமல்ல என்பதை, முன்பு சொன்ன எடைக் கணக்கிலிருந்தே அறியலாம். குளோபல் என்கேப் அறிக்கைகளில் நட்சத்திரங்களுக்குக் கீழே, காரின் உடற்கூடு நிலையானதா நிலையற்றதா என்று ஒரு வரி இருக்கும். நிலையற்றது என்று வந்திருந்தால், ஏர்பேக் எத்தனை இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடலாம். பக்கவாட்டு மோதலில் தலையைக் காக்கும் திரை ஏர்பேக்குகள் அந்த வகையில் உள்ளனவா என்பதையும் இந்தப் படியிலேயே பார்த்துவிடுவது நல்லது.

முன்னால் தடை தெரிந்தால் தானே பிரேக் போடும் வசதி, பின்புற மோதல்களை ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதாக ஐ.ஐ.எச்.எஸ். கண்டிருக்கிறது. வரவுசெலவு இடங்கொடுத்தால் இ.எஸ்.சி.க்கு அடுத்து இதைத்தான் தேட வேண்டும். தடம் மாறாமல் காக்கும் வசதி, ஓட்டுநர் கண்ணில் படாத பக்கத்தில் வண்டி வந்தால் உணர்த்தும் மறைபுல எச்சரிக்கை ஆகியவை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. பெரிய தொடுதிரையை நான் ஒரு வசதியாகவே எண்ணுவதில்லை. குளிர்சாதனத்தைக் குறைக்கவும் திரையில் பட்டியலைத் தேட வேண்டிய கார், சாலையிலிருந்து கண்ணை எடுக்கப் பழக்குகிறது. கைக்குத் தட்டுப்படும் பொத்தான்களும் திருகிகளும் உள்ள பழைய பாணிப் பலகையே புதியவருக்கு ஏற்றது.

ஐந்தாம் படி: ஓட்டப்போகிறவரை உட்காரவைத்துப் பார்த்தல்

பெற்றோர் மட்டும் போய் வண்டியை முடிவுசெய்துவிடக் கூடாது. பிள்ளையை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, கிளட்சையும் பிரேக்கையும் முழுதாக மிதிக்கும் நிலையில், மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட நெருங்கினால் ஏர்பேக் விரியும் வேகமே காயப்படுத்தக்கூடும். உயரம் குறைந்தவரானால், இருக்கையை உயர்த்தும் வசதியும் ஸ்டியரிங்கை முன்பின்னாக நகர்த்தும் வசதியும் அலங்காரமல்ல, அவசியம். தலைச்சாய்வின் மேல்விளிம்பு ஏறத்தாழ உச்சந்தலை மட்டத்துக்கு எட்ட வேண்டும். கண்ணாடியோரத் தூண்கள் வளைவில் எவ்வளவு மறைக்கின்றன, பின்கண்ணாடி வழியே எவ்வளவு தெரிகிறது என்பதைப் பிள்ளையின் உயரத்திலிருந்துதான் அறிய முடியும்.

ஆறாம் படி: பழைய காரானால் நேரில் சோதித்தல்

முதல் கார் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய காராகவே இருக்கும். மோதல் சோதனையில் பெற்ற நட்சத்திரம் அந்த மாடல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்குரியது. ஒருமுறை பலமாக மோதி ஒட்டவைக்கப்பட்ட வண்டிக்கு அது பொருந்தாது. எனவே இந்தப் படிக்கு நேரம் ஒதுக்கி, பகல் வெளிச்சத்தில், வண்டி ஈரமில்லாமல் இருக்கும்போது பார்க்க வேண்டும்.

சாவியைத் திருகி, எஞ்சினைக் கிளப்பாமல் மீட்டர் பலகையைக் கவனியுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு என்பது எல்லோருக்கும் தெரியும்; எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம். வெடித்துப்போன ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கை மட்டும் துண்டித்துவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். வேறொரு விளக்கின் இணைப்பிலிருந்து கம்பி இழுத்து, இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும்படி செய்வதும் உண்டு. ஆகவே ஏர்பேக் விளக்கு மற்றவற்றிலிருந்து சற்று முன்பின்னாகத் தனியே அணைகிறதா என்று கூர்ந்து பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால், கண்டறியும் கருவியை இணைத்துப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேட்கலாம்.

அடுத்து, ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் கடைசி வரை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். வழக்கமாக உருளைக்குள் சுருண்டிருக்கும் அந்தக் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறையோ நீர்க்கோடோ இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது. வெள்ளம் பார்த்த கார் ஓடும். ஆனால் அதன் இணைப்பிகளுக்குள் மெல்ல ஏறும் துரு, ஏர்பேக்கையும் ஏ.பி.எஸ்ஸையும் தேவைப்படும் நாளில் செயலிழக்கச் செய்துவிடக்கூடும். பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், விட்டால் தானாகச் சுருண்டு உள்ளே போக வேண்டும். பெல்ட்டின் அடியில் தைக்கப்பட்ட சீட்டில் தயாரிப்புத் தேதி இருக்கும். ஒரு பெல்ட் மட்டும் வண்டியைவிடப் புதியதாக இருந்தால், அந்த இருக்கை எதற்காகப் புதிய பெல்ட் கண்டது என்று விற்பவரிடம் கேட்க வேண்டும்.

கதவோரத்து ரப்பர் பீடிங்கைச் சற்று விலக்கினால் உள்ளே வரிசையாகச் சிறு வட்டப் பள்ளங்கள் தெரியும். தொழிற்சாலை இயந்திரம் போட்ட வெல்டிங் புள்ளிகள் அவை. ஒரு பக்கம் அவை சீராகவும் மறுபக்கம் மழுங்கியோ காணாமலோ இருந்தால், அந்தப் பக்கம் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. டிக்கியின் விரிப்பைத் தூக்கி உபரிச் சக்கரக் குழியைப் பார்ப்பதும், பானெட் கீல்களின் போல்ட்டுகளில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பம்பரில் கீறலும் கதவில் டிங்கரிங் செய்த தடமும் எல்லா வண்டியிலும் இருக்கும், அவற்றுக்காக விலையைக் குறைத்துக் கேட்கலாமே தவிர வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. சேஸிஸிலும் தூண்களிலும் கைவைத்த வண்டியோ எந்த விலைக்கும் வேண்டாம்.

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன், அதாவது தரையைத் தொடும் பகுதியிலுள்ள வரிப்பள்ளம், ஆழமாக இருந்தும் ரப்பர் பழசாகி வெடிப்பு விட்டிருந்தால் அந்த டயரை மாற்றத்தான் வேண்டும். பல நாடுகளில் சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மழையில் நீரை வெளியேற்றும் திறனோ அதற்கு வெகு முன்பே குறையத் தொடங்கிவிடும்.

இவையெல்லாம் பார்த்தபின்னும், விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் கூலி கொடுத்து வண்டியை மேலே தூக்கி அடிப்புறத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கு விற்பவர் மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஏழாம் படி: எண்ணை வைத்துத் தேடுதல்

ஒவ்வொரு காருக்கும் 17 இலக்க அடையாள எண் உண்டு. தயாரிப்பாளரின் இணையதளத்தில் அல்லது அரசின் தளத்தில் அதை இட்டால், பாதுகாப்புக் குறைபாட்டுக்காக அந்த வண்டி திரும்ப அழைக்கப்பட்டதா, வேலை முடிந்ததா என்பது பல நாடுகளில் தெரிந்துவிடும். டகாடா நிறுவனம் செய்த, ஏர்பேக்கை விரியச்செய்யும் ஊதிகள், நாட்பட்ட வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறவிட்டதால், உலகெங்கும் பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. சரிசெய்யப்படாத வண்டிகள் இன்னும் பழைய கார்ச் சந்தையில் கைமாறுகின்றன. மாற்றித் தருவது பெரும்பாலும் இலவசம் என்பதால், இந்த வேலை முடிந்த பிறகே வண்டியை எடுப்பதாகச் சொல்லலாம். காப்பீட்டுக் கட்டணத்தையும் வாங்குவதற்கு முன்பே, இளம் ஓட்டுநரின் வயதைச் சொல்லி விசாரிக்க வேண்டும். வயதை மறைத்து எடுத்த காப்பீடு, தேவைப்படும்போது கைகொடுக்காது.

எட்டாம் படி: சாவியைக் கொடுப்பதற்கு முன்

வண்டிக்கு ஒதுக்கிய பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், டயர், பிரேக் கட்டைகள், வைப்பர், மங்கி மஞ்சளான முகப்பு விளக்குகள் ஆகியவற்றுக்கு ஒரு பகுதியை மீதம் வைக்க வேண்டும். ஃபோர்டின் மைகீ, வோல்வோவின் கேர் கீ போன்ற ஏற்பாடுகள் உள்ள வண்டியானால், பிள்ளையின் சாவிக்கு வேக உச்சவரம்பை அமைத்துவிடலாம். மைகீ உள்ள காரில் சீட் பெல்ட் போடும்வரை பாட்டு ஒலிக்காது. இதைப் பிள்ளைக்குத் தெரியாமல் செய்வதைவிடச் சேர்ந்து உட்கார்ந்து அமைப்பதே நல்லது.

பிறகு, ஆளரவமற்ற, பரந்த திடல் ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுசென்று, 40 கி.மீ. வேகத்தில் பிரேக்கை முழு வலுவோடு மிதிக்கச் சொல்லுங்கள். ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்கியதும் மிதி காலுக்கடியில் தடதடவென்று அதிரும், உறுமும் ஓசையும் கேட்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து முதல் தடவை காலை எடுத்துவிடுவார்கள். அதிர்ந்தாலும் காலை எடுக்காமல் அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி, முன்னால் வைத்த அட்டைப்பெட்டியைச் சுற்றி வரும்வரை அதையே மறுபடியும் செய்யவைக்க வேண்டும்; முதலில் உலர்ந்த தரையிலும், பிறகு மழை பெய்து நனைந்த தரையிலும்.